தண்ணீர்க் கட்டணம்: தலைகளையும் எண்ணுங்கள்

தோட்டத்து லயங்களில் தண்ணீர் நிர்வாகத்தின் பொறுப்பு. இலவசக் குழாய்நீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. ரப்பர்த் தோட்டங்களை விட்டுச் சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துத் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு, பேராக் நீர் வாரியத்தின் மாத பில் புதுப் பழக்கம்.

அந்த பில் நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. முதல் 10 கன மீட்டருக்குத் தலா 30 சென், அடுத்த பத்துக்கு 70 சென், அதற்கு மேல் 1 வெள்ளி 3 சென். மாதம் 25,000 லிட்டர் செலவழித்த வீடு கட்டியது 15 வெள்ளி 15 சென். ஆயிரம் லிட்டருக்கு 61 சென். ஒரு தே தாரேக்கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது.

இவ்வளவு மலிவான பொருளை யார் மிச்சப்படுத்துவார்கள்? கட்டணம் 10 விழுக்காடு ஏறினால் வீட்டுப் பயன்பாடு சுமார் 3 முதல் 5 விழுக்காடு குறையும் என்பது உலக ஆய்வுகளின் பொதுக் கணக்கு. கட்டணம் மிகக் குறைவாக இருந்த பினாங்கில் தலைக்குச் செலவான நீர் நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது. அதனால்தான் 35 கன மீட்டரைத் தாண்டும் வீடுகளுக்கு அம்மாநிலம் 2010-இல் கூடுதல் கட்டணம் விதித்தது.

2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பம் முழுவதும் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்தது. மாதம் 20 கன மீட்டர் வரை, 35 வரை, அதற்கு மேல் என மூன்று படிகள். உயர்வு தேவைதான். ஆனால் படிகள் வீட்டை எண்ணுகின்றன, ஆட்களை எண்ணுவதில்லை.

தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என எட்டுப் பேர் வாழும் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கினாலும், மாதம் 39 கன மீட்டரைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த படி அவர்களுக்கு. இருவர் மட்டும் வாழும் வீட்டில் ஆளுக்கு 300 லிட்டர் கொட்டினாலும் 18-தான், மலிவான படி. சிக்கனத்துக்குத் தண்டனை, விரயத்துக்குச் சலுகை!

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி 2016-இல் இதற்கு வழி கண்டது. ஆண்டுக்கு வீட்டுக்கு 30 கன மீட்டர், ஆளுக்கு இன்னொரு 30 கன மீட்டர் அடிப்படை விலையில். அதற்கு மேல் இரட்டிப்பு. இங்கும் குடும்ப விவரங்களைத் திரட்ட ‘பாடு’ தரவுத்தளம் 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

வாரியங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நாட்டில் சுத்திகரிக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவாலும் திருட்டாலும் வருவாயின்றிப் போகிறது. பழைய குழாய்களை மாற்றிக்கொண்டே கட்டணத்தை உயர்த்தினால் மக்கள் மனமுவந்து கட்டுவார்கள். பெரிய குடும்பங்களுக்கு ஆள்கணக்கில் படிகளை வகுப்பதே அடுத்த கட்டணச் சீரமைப்பின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.