கடிநாய் கவனம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே நடந்து செல்பவர் பலரும் ஒரு பலகையைக் கண்டிருப்பர். படலையிலோ மதிற்றூணிலோ அது தொங்கும். ‘கடிநாய் கவனம்’ என்னும் இரண்டு சொற்களே அதில் எழுதப்பட்டிருக்கும். கவனமாயிருக்க வேண்டியவர் யார் என்று அப்பலகை சொல்வதில்லை. எனினும், எழுதி வைத்தவர் வழிப்போக்கரையே கருதினார் என்பது வெளிப்படை. நாயை வளர்ப்பவர் தாம். கவனமாயிருக்க வேண்டியவர் பிறர்! இவ்வேற்பாடு நியாயமானதுதானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பலகை நம்மவர் கண்ட புதுவழக்கு அன்று. கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலை கக்கிய சாம்பலிற் புதையுண்ட பொம்பெயி நகரை அகழ்ந்தோர், ஒரு வீட்டின் வாயிற்றளத்திலே, சங்கிலியிட்ட கரிய நாயொன்றின் உருவம் சிறு கற்களாற் பதிக்கப்பட்டிருக்கக் கண்டனர். அதன் கீழ் இலத்தீன் மொழியிற் பொறித்திருந்த தொடரின் பொருளும் ‘நாய் கவனம்’ என்பதே. ஆனால் உரோமர் பலகையோடு அமைந்துவிட்டவர் அல்லர். அதனைப் பின்னர்க் காண்போம்.

கடியும் காவலும்

தொல்காப்பியனார் உரியியலிலே ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்களை எடுத்தோதினார். காப்பு, கூர்மை, விரைவு, அச்சம், வரைவு என்பன அவற்றுட் சில. பல்லாற் கடித்தலைக் குறிக்கும் வினை வேறாயினும், காவல் நாயொன்றை நினைந்து இப்பொருள்களை நோக்குமிடத்து அவை தாமே வந்து பொருந்துதல் காணலாம். எயிற்றிலே கூர்மை, பாய்ச்சலிலே விரைவு, கள்வனுக்கு அச்சம், வீட்டாருக்குக் காப்பு. எஞ்சி நிற்பது வரைவு, அஃதாவது நீக்குதல். எதனைத் தாக்கலாகாது என்று விலக்கி வைக்கும் அச்செயலை நாய் தானாக அறியாது. அது நாயையுடையானது கடமை.

தமிழ்நாட்டிலே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. போரிற்பட்ட வீரனுடன் அவனுடைய நாயும் அக்கல்லிலே செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வரைக் கடித்துக் காவல் நின்றமைக்காக அப்பெயரைக் கல்லில் வெட்டிச் சிறப்புச் செய்தனர் ஊரார். கடித்த நாய்க்குக் கல்லெடுத்த மரபு நம்முடையது. ஆதலின், கடிக்க வல்ல நாய் யாவும் கெட்ட நாய் என்று நாம் சொல்ல மாட்டோம். கோவிவன் கள்வரைக் கடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையைக் கடித்திருந்தால் அதற்குக் கல் கிடைத்திராது.

இனத்தை விலக்கிய நாடு

நாய்களுள் இன்ன இனம் கொடியது, அதனை நாட்டிலிருந்தே விலக்குக என்று சட்டஞ் செய்த நாடுகளுட் பிரித்தானியா பெயர் பெற்றது. 1991 ஆம் ஆண்டிலே சில கொடிய தாக்குதல்கள் நிகழ்ந்து மக்கள் கொதித்தெழவே, அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆபத்தான நாய்கள் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. பிற்புல் டெரியர், யப்பானியத் தோசா, டோகோ ஆர்ஜென்தீனோ, பிலா பிறசிலைரோ என்னும் நான்கு வகைகள் அதன்கண் விலக்கப்பட்டன. தொடக்கத்திலே, விலக்கப்பட்ட வகை என்று தீர்ப்பாகிய நாயைக் கொல்லுமாறு பணிப்பதன்றி நீதிபதிக்கு வேறு வழி பெரிதும் இருக்கவில்லை. 1997 இல் வந்த திருத்தமே, ஆபத்து விளைக்காதெனக் கண்ட நாயை நிபந்தனைகளோடு உயிர்வாழ விடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது.

இச்சட்டத்திலே ஓர் இடர்ப்பாடு உண்டு. அது நாயின் குலமுறைப் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. உருவத்தையும் அளவையுமே பார்க்கின்றது. பிற்புல் போன்று தோற்றுமாயின், சாதுவான கலப்பின நாயும் அகப்படும். அத்தோற்றம் இல்லையாயின், மூர்க்கமான நாயும் இப்பிரிவுக்குத் தப்பும். 1998 முதல் 2018 வரையான இருபது ஆண்டுகளில், நாய்க்கடியினால் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டோரின் விகிதம் இருமடங்குக்கு மேற் பெருகிற்று. விலக்கு நடைமுறையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. 2018 இல் அப்பாராளுமன்றத்துக் குழுவொன்று இச்சட்டத்தை முழுமையாக மீளாய்வு செய்ய வேண்டுமென்று கூறியது.

ஆயினும், விலக்கப்பட்டோர் பட்டியல் குறையவில்லை, நீண்டது. எக்ஸ்.எல். புல்லி என்னும் பெருநாய் சில ஆண்டுகளுள்ளே பல உயிர்களைக் குடித்தமையால், 2023 இறுதியில் அதுவும் பட்டியலிற் சேர்ந்தது. தோள் வரை ஆண்நாய் 20 அங்குலமும் பெண்நாய் 19 அங்குலமும் உயர்ந்து, குறித்த பிற அடையாளங்களும் பொருந்துமாயின் அது அவ்வகையாம். 2024 பெப்ரவரி 1 முதல், விலக்களிக்கும் சான்றிதழின்றி அதனை வைத்திருத்தல் இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாயிற்று. சான்றிதழ் பெறுவோர் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் வேண்டும். காப்புறுதி எடுத்தல் வேண்டும். வெளியிற் கொண்டு செல்லுங்கால் வார் பிணித்து வாய்க்கூடும் இடுதல் வேண்டும்.

பிறப்போ வளர்ப்போ?

இனத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வளர்ப்பே என்று வாதிப்போர் உளர். அவர் கூற்று முழு உண்மை அன்று. இங்கிலாந்திலே எருதைக் கட்டி வைத்து அதன்மேல் நாய்களை ஏவிக் களிக்கும் கொடுவிளையாட்டு முற்காலத்தில் இருந்தது. 1835 இல் அது சட்டத்தாற் றடுக்கப்பட்டது. களிப்பை விடமாட்டாதோர் நாயோடு நாயைப் பொரவிடலாயினர். அதற்கெனப் புல்டோக்கையும் டெரியரையும் கலந்து, பற்றியதை விடாத தாடையும் நோவுக்கு அஞ்சாத நெஞ்சும் உடைய நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். பிற்புல் என்னும் பெயரின் முற்பகுதி அந்நாய்கள் பொருத குழியைக் குறிப்பதாம். ஆகவே, அந்நாயின் வலிமை பிறப்பில் வந்தது. அப்பிறப்பைச் செய்தவன் மனிதன்.

எனினும், இனம் சொல்லுவது சிறிதே. பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, தனி நாய்களின் குணவேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவையே இனத்தைக் கொண்டு விளக்கலாம் என்று கண்டது. எஞ்சியவற்றுள் வளர்ப்பின் பங்கு பெரிது. பிறந்த மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையே குட்டி எவற்றோடு பழகுகின்றதோ அவற்றை அது அஞ்சுவதில்லை. அக்காலத்திலே தாயினின்றும் பிரித்து, மனிதமுகம் காணாது கூட்டில் அடைத்து வளர்த்த நாய், பின்னர்ச் சிறுபிள்ளையின் ஓட்டத்தைக் கண்டும் வெருளும். வெருண்ட நாயே பெரும்பாலும் கடிக்கின்றது.

இவ்வாறாயின் முடிவு யாது? கடிக்கும் விருப்பத்தை இனம் அறுதியிட்டுச் சொல்லாது. கடித்தால் விளையும் கேட்டின் அளவை உடலும் தாடையுமே பெரிதும் தீர்மானிக்கும். சிறுநாய் பிழை செய்தால் கைக்கு மருந்து கட்டலாம். பெருநாய் பிழை செய்தால் உயிரே போகலாம். ஆகையால், வலிய நாயை வளர்ப்பவனுக்குக் கடமையும் வலியதாதல் வேண்டும்.

2024 ஆம் ஆண்டு இந்தியாவில் நிகழ்ந்தன இதற்குச் சான்று. மார்ச்சு மாதத்திலே மத்திய அரசு இருபத்துமூன்று இனங்களை விலக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. உரியோரைக் கேளாது செய்யப்பட்டதென்று கருநாடக உயர்நீதிமன்றம் ஏப்பிரலில் அதனைத் தள்ளியது. அடுத்த மேயிலே சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவொன்றில் இரண்டு ரொட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண்குழந்தையைக் கடித்துக் குதறின. ரொட்வைலர் பிரித்தானியப் பட்டியலில் இல்லாத இனம் என்பதை நினைவிற் கொள்க. அங்கே அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது இனப்பட்டியல் அன்று; ஒரு வாரும் இரண்டு வாய்க்கூடுகளும் அவற்றைப் பிடிக்கும் பொறுப்புள்ள ஒரு கையுமே.

முன்னோர் கண்ட நீதி

வளர்ப்பு விலங்கு செய்த கேட்டுக்கு விடை கூற வேண்டியவர் யார் என்பது மிகப் பழைய வினா. பாபிலோனிய வேந்தன் அம்முராபியின் சட்டக்கல்லிலே முட்டும் எருதைப் பற்றிய விதிகள் உள்ளன. தெருவிற் செல்லும் எருது திடீரென முட்டி ஒருவனைக் கொன்றால் அதற்கு வழக்கில்லை. ஆனால், எருது முட்டும் இயல்பினது என்று ஊரார் அறிவித்த பின்னும் உடையவன் அதன் கொம்பை மறையாமலும் அதனைக் கட்டாமலும் விட்டு, அது ஒருவனைக் கொன்றால், அவன் இழப்புக் கொடுத்தல் வேண்டும். விவிலியத்தின் யாத்திராகமமும் இவ்வேறுபாட்டையே கொண்டு, அறிந்தும் அடக்காதவனுக்குக் கடுந்தண்டம் கூறுகின்றது. மேலே சொல்லிய உரோமரோ, தம் பன்னிரு பலகைச் சட்டத்திலே, விலங்கு கேடு செய்தால் உடையவன் நட்டத்தை ஈடு செய்க, அன்றேல் விலங்கையே கையளித்து விடுக என்று விதித்தனர். வாயிலில் நாயுருவம் பதித்தவன் ‘எழுதித்தான் வைத்தேனே’ என்று கையை விரித்தல் ஆங்கு எளிதன்று.

இம்மூன்று நீதிகளும் எருதின் குலத்தை வினவவில்லை. அவற்றுள் முதலிரண்டும் உடையவன் யாதறிந்தான், யாது செய்தான் என்பதையே வினவின. ‘கடிநாய்’ என்று தன் கையாலேயே எழுதித் தூக்கியவன், தன் நாய் கடிக்கும் என்று அறிந்தவன் அல்லனோ? பலகை அவனைக் காப்பதினும் அவனுக்கு எதிராகச் சான்று பகர்வதே மிகுதி.

நம் தீவின் நிலை

நமது நாட்டிலே நாய்ப்பிரச்சினை வேறொரு முகமும் உடையது. இங்கே கடியினும் கொடியது கடியின்பின் வரும் விசர்நோய். 1893 இலேயே விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டமும், 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் இத்தீவில் இயற்றப்பட்டன. சட்டம் இல்லாமையால் நாம் துன்புறவில்லை. நம் அயலிலே பதிந்த நாய்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

1970 களின் தொடக்கத்திலே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை இக்காலத்தில் சில பதின்களாகக் குறைந்துள்ளது. ஆயினும், தடுக்கக்கூடிய சாவு ஒன்றாயினும் அது மிகையே. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. கடியுண்டவரோ காலந் தாழ்த்தாது மருந்து பெற்றாற் பிழைப்பது உறுதி என்னலாம். 1885 இலே பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசியிட்டுக் காத்த நாள் முதல் இவ்வழி திறந்தே இருக்கின்றது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்புதல் ஆகாது. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டுவந்தால் நோய் பரவுதல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் துணிபு.

தெருநாய் என்று நாம் சொல்வனவற்றுட் பல உண்மையில் தெருவிற் பிறந்தவை அல்ல. பெண்குட்டி வேண்டாமென்று உரப்பையிற் கட்டிச் சந்தைக்கருகிலும் கோயில் வீதியிலும் விட்டுவரும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. விட்டவர் பாவம் ஒழிந்ததென்று வீடு திரும்புகின்றார். அக்குட்டி வளர்ந்து பெற்ற குட்டி, அவர் பேரப்பிள்ளையைத் துரத்தும் நாள் வரும். வயிரவக் கடவுளின் ஊர்தியென்று நாயை வணங்கும் நாம், அதன் குட்டியைக் குப்பையில் எறிவது எச்சமயத்துக்கும் அடுப்பதன்று.

செய்யத்தக்கன

நாய் வளர்க்க விரும்புவோர் முதலிலே தம்மை அளந்து கொள்க. அதற்கு இடமும் உணவும் தம் நேரமும் கொடுக்க முடியுமா? அதனைப் பிடித்து நிறுத்தும் வலிமை வீட்டார்க்கு உண்டா? அண்டை வீட்டாரிடம் பெருமை பேசுதற்கெனப் பெருநாய் வாங்குதல் தகாது. வாங்கியபின் உள்ளூராட்சி மன்றத்திலே பதிக. ஆண்டுதோறும் தடுப்பூசி இடுக. குட்டி வேண்டாதவர் மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடை செய்விக்க. பகல் முழுவதும் குறுஞ்சங்கிலியிற் கட்டி வையாதீர்; ஓயாது கட்டுண்ட நாய் மூர்க்கமாகும். மதிலும் படலையும் பழுதின்றி இருக்கட்டும். வீதிக்கு இறங்குங்கால் வார் கையில் இருக்கட்டும். நாய் எத்துணைச் சாதுவாயினும் கைக்குழந்தையை அதனோடு தனியே விடாதீர். பிள்ளைகளுக்கும் ஒன்று கற்பித்தல் கடன்: உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியீன்ற நாயையும் நெருங்கலாகாது, அயல் நாய் எதிர்ப்பட்டால் ஓடாது, கூவாது, கைகளைத் தொங்கவிட்டு மரம்போல் நிற்றல் வேண்டும்.

ஒழுங்கை எல்லார்க்கும் பொது. பால் வாங்கச் செல்லும் கிழவியும் கடிதம் கொணரும் ஊழியரும் புத்தகப்பையோடு செல்லும் சிறுமியும் நம் வீட்டு நாயின் குணத்தை ஆராய்ந்து அறிந்து நடக்கக் கடமைப்பட்டவர் அல்லர். தம்மை வளர்த்தவன் எப்படிப்பட்டவன் என்பதை நாய்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம் நாய் நம்மைப் பற்றி நல்லது சொல்லுமாறு வாழ்வோமாக.