இரண்டாகத் தெரியும் குலை
தோட்டத்து உடம்பு – தொடர் 17

செம்பனைக் குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். வளர்ந்த மரமென்றால் பத்து மீட்டர் உயரத்தில் குலை இருக்கும். நீளக் கழியின் முனையில் மாட்டிய அரிவாளை மட்டைகளுக்கு இடையே நுழைத்து, குலையின் காம்பில் சரியாகக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். இருபது கிலோ குலை எந்தப் பக்கம் விழும் என்று கணித்து, அதற்குள் கால் நகர்ந்திருக்க வேண்டும். முந்தைய தலைமுறை பால் மரம் சீவியபோதும் கண்ணுக்கு இதே அளவு வேலை இருந்தது. உளி பட்டையில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு நாள் காலையில் ஒரு குலை இரண்டாகத் தெரிகிறது. என்ன செய்வார்? சிரம்பானுக்கு அருகே மம்பாவ் பக்கம் நான் பார்த்தவரை, முதலில் யாரிடமும் சொல்ல மாட்டார். வேலை போய்விடும் என்ற பயம். கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சமாளிப்பார். அடுத்து ‘இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) ஏறியிருக்கும்’ என்று வீட்டில் சொல்லிச் சோற்றைக் குறைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணாடிக் கடை. பெரியவர்களுக்குத் திடீரென வரும் இரட்டைப் பார்வையைப் பற்றி இந்த வாரம் விரிவாக எழுதக் காரணம் இதுதான். சில சமயம் ஒரு இரவுகூடத் தாமதிக்கக் கூடாது. சில சமயம் ஆறு மாதம் பொறுத்திருப்பதே வைத்தியம். நம் ஆட்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

எந்த மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்விக்கு ஒரு கருவியும் வேண்டாம். கிளினிக்கில் ஒரு நாள் ஒரு அம்மாவும் மருத்துவ உதவியாளரும் பேசியது காதில் விழுந்தது.

“ரெண்டு ரெண்டா தெரியுது ஐயா. படி எறங்கவே பயமா இருக்கு.”

“ஒரு கண்ணப் பொத்திப் பாருங்கம்மா. இப்பவும் ரெண்டா இருக்கா?”

“இல்ல, ஒண்ணாயிருச்சு.”

“இப்ப அடுத்த கண்ணப் பொத்துங்க.”

“இப்பவும் ஒண்ணுதான்.”

அந்த மருத்துவ உதவியாளருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், தனித்தனியே இரண்டு கண்ணும் நன்றாகத்தான் பார்க்கின்றன. சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. இந்த இரண்டாவது வகையைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும்.

முதல் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண் வறட்சி, கருவிழியின் வளைவு சீராக இல்லாதது, கண்புரை ஆகியவை பொதுவான காரணங்கள். வெயிலிலும் தூசியிலும் உழைத்தவர்களுக்கு மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து கருவிழி மேல் படரும் சதை வளர்ச்சியும் உண்டு; அது கருவிழியை இழுத்து வளைத்துவிடுவதால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல்போல் இன்னொரு எழுத்து தெரியும். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதாதபோது இவற்றில் அறுவை நேரடியாகப் பலன் தருகிறது. புரையை எடுத்து வில்லை வைப்பார்கள். சதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணின் வெண்படலத்திலிருந்தே ஒரு துண்டை ஒட்டுவார்கள்.

இரண்டாவது வகைதான் நம் விஷயம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. இரண்டு கண்ணும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். ஒன்று பின்தங்கினால் வண்டி நேராகப் போகாது. அந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து மூன்று நரம்புகள் வருகின்றன. மூன்றாம் நரம்பு நான்கு தசைகளையும், மேல் இமையைத் தூக்குவதையும், கண்மணியைச் சுருக்குவதையும் கவனிக்கிறது. நான்காம் நரம்புக்கும் ஆறாம் நரம்புக்கும் ஆளுக்கு ஒரு தசை.

என் பெரியப்பா மம்பாவில் பால் வெட்டி ஓய்ந்தவர். பல வருடமாக இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும். அவருக்கு இடது கண்ணைச் சுற்றி இரண்டு நாள் வலி இருந்தது, பிறகு எதிரே வரும் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிந்தது. தூரத்தில் பார்த்தால் மோசம், இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் இன்னும் மோசம். கையில் செய்தித்தாளைப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆறாம் நரம்பு தளர்ந்ததற்கு அப்பட்டமான அடையாளம் இது. ஆனால் அவர் முதலில் போனது ஒரு கண்ணாடிக் கடைக்கு. புதுக் கண்ணாடி வாங்கி, அது சரிப்படாமல் இன்னொன்றும் வாங்கினார். கடைசியில் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிச் சீட்டு வாங்கி, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. இனிப்பு நீரால் நுண்ணிய இரத்தக் குழாய் அடைபட்டு, நரம்புக்கு இரத்தம் போகவில்லை. அறுவை வேண்டாம், ஒரு கண்ணாடியில் மறைப்பு ஒட்டிக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டாதீர்கள், சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வையுங்கள் என்றார்கள். மூன்றாவது மாதம் பெரியப்பாவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்தான் தெரிந்தது.

இவ்வகை நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் மூன்று மாதத்தில், தாமதமானால் ஆறு மாதத்தில், தானாகவே சரியாகிறது. சரியாகாவிட்டாலோ, இன்னொரு நரம்பும் சேர்ந்து தளர்ந்தாலோ, ‘இனிப்பு நீர்தான்’ என்று உட்கார்ந்திருக்காமல் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மூளையில் அழுத்தம் கூடினாலும், மூக்கின் பின்புறத்தில் புற்று வந்தாலும் இதே ஆறாம் நரம்புதான் தளரும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. பெரியப்பாவுக்கு வந்தது நம் வீடுகளில் அபூர்வமாக வருவதல்ல என்பதற்கு அந்த ஒரு எண் போதும்.

இனி, ஒரு இரவும் தாமதிக்கக் கூடாதது. இமை தொங்குகிறது; விரலால் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுங்கி நிற்கிறது; அந்தக் கண்மணி மட்டும் விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் சுருங்கவில்லை; கூடவே தலைவலி. இது மூன்றாம் நரம்பு. இனிப்பு நீரில் இந்த நரம்பு தளரும்போது கண்மணி பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. கண்மணியும் விரிந்திருந்தால், மூளையின் அடித்தளத்தில் ஒரு இரத்தக் குழாய் பலூன்போல் வீங்கி நரம்பை நெருக்குகிறதோ என்றுதான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். அது வெடித்தால் ஆள் பிழைப்பது கடினம். இங்கேயும் அறுவை உண்டு, ஆனால் கண்ணில் அல்ல. மூளை அறுவை மருத்துவர் அந்த வீக்கத்தைக் கவ்வி போட்டு அடைப்பார், இல்லையென்றால் குழாய் வழியாகக் கம்பிச் சுருள் வைத்து நிரப்புவார். இரட்டைப் பார்வையோடு வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், நடை தள்ளாடினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். மம்பாவிலிருந்து சிரம்பான் சில கிலோமீட்டர்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து படுத்துவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் நிறையச் சொல்லித்தரும்: காலையில் மோசமா, மாலையில் மோசமா? காலையில் எழுந்ததும் மோசமாக இருந்து, கண்கள் துருத்தி, இமை மேலேறி மிரட்சியாகத் தெரிந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். அந்த நோயில் கண் தசைகள் வீங்கிப் பிறகு இறுகிப்போகின்றன. அதிகம் இறுகுவது கண்ணுக்கு அடியிலுள்ள தசை. அதனால் மேலே பார்க்கத்தான் கஷ்டம். சிகரெட் பிடிப்பவருக்கு நோய் இன்னும் முற்றும். மாறாக, காலையில் நன்றாக இருந்து, பொழுது சாயச் சாய இமை இறங்கிப் பார்வை இரட்டித்தால் அது மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். தொங்கும் இமை மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்தால் இமை எழும்பும். கிளினிக்கிலேயே செய்து பார்க்கும் சோதனை இது. இதற்கு மாத்திரைதான் முதல் வைத்தியம். அறுவை தேவைப்பட்டால் அதுவும் கண்ணில் இல்லை, நெஞ்சில்: மார்பெலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியை எடுப்பார்கள்.

சம்சுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரில் எந்த உறுப்பையும் தாண்ட முடியவில்லை. மலிவுச் சாராயத்தைக் குடித்துக்கொண்டு சோறு தொடாமல் கிடப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போகிறது. கண்கள் நகராமல் நின்று, பார்வை இரட்டித்து, கால் பின்னி, பேச்சு தடுமாறும். பார்க்கிறவர்கள் ‘போதையில் கிடக்கிறான்’ என்று தாண்டிப் போவார்கள். உடனே தயமின் ஊசி போட்டால் கண் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்குகிறது. விட்டுவிட்டால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். போதையில் இருக்கிறவரையும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றால் இதற்காகத்தான்.

மோட்டார் சைக்கிள் விபத்து தனிக் கதை. முகம் அடிபட்டால் கண்குழியின் அடித்தளத்து எலும்பு, மெல்லியதாக இருப்பதால், முதலில் உடைகிறது. உடைந்த விரிசலில் கண்ணுக்கு அடியிலுள்ள தசை சிக்கிக்கொள்ளும். அண்ணாந்து பார்த்தால் இரண்டு. பெரியவர்களுக்கு வீக்கம் வடியப் பொறுத்துப் பார்த்து, தசை சிக்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் எலும்பைச் சரிசெய்வார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. மேலே பார்க்கும்போது வாந்தி வந்தால் ஓரிரு நாளில் அறுவை வேண்டியிருக்கும். வேலைக்குப் போகும் வழியில் விழுந்திருந்தால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் மனுச் செய்யலாம். மருத்துவமனைச் சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கண் தசை அறுவை வருகிறது. மூல நோயைக் கண்டுபிடித்து அடக்கிய பிறகும் இரட்டைப் பார்வை மிஞ்சினால், கண் விலகி நிற்கும் கோணம் மாறாமல் ஏறக்குறைய ஆறு மாதம் நின்றிருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும் கண்ணில் அறுவை செய்தால் இன்று சரியாவது மூன்று மாதத்தில் மறுபடி கோணலாகும். காத்திருக்கும் காலத்தில் கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் தாள் உண்டு. கோணம் சிறியதென்றால் அதுவே நிரந்தரத் தீர்வாகிவிடும். இழுக்கும் தசையைத் தளர்த்த போட்டுலினம் நச்சை ஊசியாகப் போடுவதும் உண்டு, அதன் வேலை மூன்று மாதம்போல் நிற்கும். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே போடாக்ஸ்தான். அதைக் கண்ணுக்காக முதலில் பயன்படுத்தியவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்; அமெரிக்கா 1989-இல் அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். அழகு வியாபாரம் பின்னால் வந்தது.

அறுவையில் கண்ணைத் திறப்பதில்லை. மேலே இருக்கும் மெல்லிய தோலை மட்டும் கீறி, கருவிழி விளிம்பிலிருந்து ஐந்தரை, ஏழு மில்லிமீட்டர் தூரத்தில் ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்து எடுப்பார்கள். அதிகமாக இழுக்கும் தசையைச் சில மில்லிமீட்டர் பின்தள்ளித் தைத்தால் அது தளர்ந்துவிடும். வலுவிழந்த தசையைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கித் தைத்தால் இறுகும். ஆறாம் நரம்பு முழுதாகச் செத்துப்போனவருக்கு, மேலும் கீழும் உள்ள தசைகளை வெளிப்பக்கமாக நகர்த்தி அந்த வேலையைச் செய்ய வைப்பார்கள். பெரியவர்களுக்குச் சில இடங்களில் முடிச்சைத் தளர்வாக விட்டுவைத்து, மயக்கம் தெளிந்ததும் சுவரிலுள்ள குறியைப் பார்க்கச் சொல்லி, ஒன்றாகத் தெரியும்வரை நூலை இழுத்தோ விட்டோ சரிசெய்கிறார்கள். 1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்பவர் முதன்முதலாக மாறுகண்ணுக்குத் தசையை வெட்டியபோது இவ்வளவு நுணுக்கம் இல்லை. வெட்டிவிட்டுக் கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்ததுதான்.

தைராய்டு நோயில் மட்டும் வரிசை முக்கியம். கண்குழி எலும்பில் இடம் ஏற்படுத்த வேண்டுமானால் அது முதலில், தசை அடுத்து, இமை கடைசியில். முந்தையது பிந்தையதைக் கலைத்துவிடும் என்பதால் இதை மாற்றிச் செய்ய மாட்டார்கள்.

அறுவைக்குச் சம்மதிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். எல்லாத் திசையிலும் ஒன்றாகத் தெரியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நேராகப் பார்க்கும்போதும், படிக்கவும் படி இறங்கவும் கீழே பார்க்கும்போதும் ஒன்றாக்குவதே பொதுவான இலக்கு. ஓரத்துப் பார்வையில் கொஞ்சம் இரட்டிப்பு மிஞ்சினால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரவாயில்லை. குலை வெட்டுகிறவருக்கோ மேல் பார்வைதான் சோறு. வேலை என்ன என்ற கேள்விக்குப் பாரத்தில் ‘தொழிலாளி’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறேன், லோரி ஓட்டுகிறேன், தையல் மெஷினில் உட்கார்கிறேன் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் எந்தத் தசையை எவ்வளவு நகர்த்துவது என்று அவர் அதற்கேற்பத் திட்டமிட முடியும். மேல் பார்வை மீளாது என்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிச் சீட்டும் கேட்டு வாங்கலாம்.

பெரும்பாலோர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புவார்கள். இரண்டு மூன்று வாரம் கண் சிவந்திருக்கும், நூல் உறுத்தும். திருத்தம் கூடியோ குறைந்தோ போய் இரண்டாம் முறை அறுவை வேண்டியவர்களும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிற மருத்துவரை நம்புங்கள். பார்வையே போவது மிக அபூர்வம். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.

(அடுத்த வாரம்: இனிப்பு நீரும் விழித்திரையும்)