பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழையும் காற்று!

பிரிட்டனில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு பாய்லர் ஓடும். சூடான தண்ணீர் குழாய் வழியாக எஃகு ரேடியேட்டர்களுக்குப் போய், அறைகளைக் கதகதப்பாக்கிவிட்டுத் திரும்பும். முன்பெல்லாம் செம்புக் குழாய். இப்போது பல வீடுகளில் வளையும் பிளாஸ்டிக் குழாய்.

சாதாரண பிளாஸ்டிக்கில் தண்ணீர் கசியாது. ஆனால், வெளியில் உள்ள ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஊடுருவும். ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். கறுப்புச் சேறு அடியில் படிந்து, மேற்பகுதி சுடும், கீழ்ப்பகுதி சில்லென்றிருக்கும். நாளடைவில் பம்ப்பும் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள குழாய்தான் இதற்கு ஏற்றது.

பொருத்துவது எளிது. பைப் கட்டரால் நேராக வெட்டி, முனைக்குள் இன்சர்ட் செருகி, இணைப்பில் கடைசிவரை அழுத்த வேண்டும். பாய்லரை ஒட்டிய முதல் 1 மீட்டருக்குச் செம்புக் குழாயே நல்லது. தரையை மூடுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் அவசியம். மூடிய பிறகு கசிந்தால், தரையையே பெயர்க்க வேண்டிவரும்!