பூனையின் நெஞ்சில் மூடாத குழாய்

தூங்கும் பூனையின் விலாவைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினாலோ, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நாய் இளைப்பது இயல்பு. பூனை இளைத்தால் அப்படி விட்டுவிட முடியாது.

பிறவி இதயக் கோளாறுகளுள் ஒன்றைப் பார்ப்போம். தாய் வயிற்றில் இருக்கும் குட்டி நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆகவே நுரையீரல் தமனியில் வரும் இரத்தத்தின் பெரும்பகுதி, ஒரு குறுக்குக் குழாய் வழியே மகாதமனிக்குப் போய்விடுகிறது. பிறந்த சில நாட்களில் இக்குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். சில குட்டிகளுக்கு, சில மனிதக் குழந்தைகளுக்கும்கூட, அது மூடுவதில்லை.

அப்போது என்ன நடக்கும்? இதயம் சுருங்கும்போது மகாதமனியில் அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம், நுரையீரல் தமனியில் 25 அளவுதான். மேட்டுத் தண்ணீர் பள்ளத்தில் பாய்வதுபோல இரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இயந்திரம் ஓடுவது போன்ற ஓயாத இரைச்சல் கேட்கும்.

இதற்குச் சிகிச்சை, குழாயைக் கட்டிவிடுவது. 1938-இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர் ஏழு வயதுச் சிறுமிக்கு இதை வெற்றிகரமாகச் செய்தார். இன்று பூனைக்கும் செய்கிறார்கள். பெரிய நெல்லிக்காய் அளவேயான இதயம்; நிமிடத்திற்கு 140 முதல் 220 முறை துடிக்கும். அதனருகில் நூலைக் கோத்து முடிச்சுப் போடுவது எவ்வளவு நுட்பமான வேலை!

ஆனால் காலம் கடந்துவிட்டால் கதை மாறிவிடும். வெள்ளம்போல் வரும் இரத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் சிறு தமனிகள் தடித்துக் குறுகுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. அது மகாதமனியின் அழுத்தத்தையும் மிஞ்சினால் ஓட்டம் திரும்பிவிடும். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலுக்குப் போகும். தலைக்குச் செல்லும் கிளைகள் பிரிந்த பிறகே அக்குழாய் மகாதமனியில் சேர்வதால் ஈறு சிவப்பாகவே இருக்க, பின்னங்கால் பாதம் மட்டும் நீலம் பாரிக்கக்கூடும். இந்த நிலையில் குழாயைக் கட்டக் கூடாது! வலது இதயத்தின் சுமைக்கு இப்போது அதுதான் வடிகால். அடைத்தால் இதயம் தோற்றுப்போகும். எனவே, இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஒலி அலைக் கருவியால் பார்த்த பின்னரே டாக்டர் கத்தியைத் தொடுவார்.

கட்ட முடியாத பூனைக்கு மருந்துதான் துணை. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில் என்ற மருந்து நுரையீரல் தமனிகளைத் தளர்த்துகிறது. 2005-இல் அமெரிக்காவில் மனிதரின் நுரையீரல் தமனி அழுத்த நோய்க்கு அனுமதிக்கப்பட்ட அதை, கால்நடை மருத்துவர்களும் எடைக்கேற்ப அளந்து கொடுக்கிறார்கள்.

இன்னொரு மருந்து ஆக்சிஜன். அது குறைந்தால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும் என்பதை 1946-இல் சுவீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் கண்டறிந்தார்கள். எந்தப் பிராணியில் தெரியுமா? பூனையில்தான்! மூச்சுத் திணறும் பூனை பயந்தால் நிலைமை மோசமாகும். அதனால் டாக்டர் முதலில் அதை ஆக்சிஜன் நிரம்பிய பெட்டியில் அமைதியாக இருக்க விடுகிறார். ஊசியும் சோதனையும் அதன் பிறகுதான்.