கிரேக்கச் சிற்பத்தில் நடப்பியலின் வளர்ச்சி

முன்னுரை

மனித உடலை உயிருள்ளது போல வடிப்பதில் பண்டைய கிரேக்கர் பெற்ற வெற்றி கலை வரலாற்றில் தனித்துப் பேசப்படுகிறது. அவ்வெற்றி முகத்தின் சாயலில் தொடங்கவில்லை. உடல் தன் எடையைத் தாங்கி நிற்கும் முறையில் தொடங்கியது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேர்நிற்கும் இளைஞர்

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிகுதியாக வடிக்கப்பட்ட ஆடையற்ற இளைஞர் சிலைகள் ‘கூரோஸ்’ எனப்படும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள கூரோஸ் (ஏறத்தாழ கி.மு. 590) எகிப்தியச் சிலைகளைப் போன்றே இடக்காலை முன்வைத்து நிற்கிறது. ஆயினும், எகிப்தியக் கற்சிலைகளின் முதுகைத் தாங்கும் தூண் இதற்கில்லை. கால் முன்சென்றும் இடுப்பு அசையவில்லை. எடை இரு கால்களிலும் சமமாக விழுகிறது. ஏறத்தாழ கி.மு. 530ஐச் சேர்ந்த அனாவிசோஸ் கூரோஸில் தசைகள் திரண்டுள்ளன. நிற்கும் முறையோ மாறவில்லை.

எடையின் இடமாற்றம்

அம்மாற்றத்தை ஏதென்ஸ் அக்ரோபொலிசில் கிடைத்த ‘கிரிட்டியோஸ் சிறுவன்’ சிலையில் (ஏறத்தாழ கி.மு. 480) காண்கிறோம். எடை இடக்காலில் இறங்க, வலக்கால் மடிந்து தளர்கிறது. வலப்பக்க இடுப்பு சற்றே தாழ்கிறது. தலை மெல்லத் திரும்புகிறது. கல் இங்கு நிற்பதை விடுத்து, ஓர் உடல் நிற்கிறது.

இலக்கிய உடலும் தனி உடலும்

உள்ளீடற்ற வெண்கல வார்ப்பு இம்முயற்சிக்குத் துணைபுரிந்தது. 1972இல் இத்தாலியின் ரியாச்சே கடலில் கண்டெடுக்கப்பட்ட இரு வீரர் சிலைகளின் உதடுகள் செம்பாலும், ஒன்றன் பற்கள் வெள்ளியாலும் அமைந்துள்ளன. பொலிக்கிளைத்தோஸ் உடலுறுப்புகளின் விகிதங்களைத் தம் ‘கானோன்’ நூலில் வகுத்தார். அவருடைய ‘ஈட்டி ஏந்தியவன்’ வெண்கல மூலம் அழிந்தது. உரோமர் காலப் படிகளே எஞ்சியுள்ளன. உயிர்ப்புடன் தோன்றினும், அது தனி மனிதர் எவருடைய உடலும் அன்று. அளவையால் ஆகிய இலக்கிய உடலாகும்.

ஹெலனியக் கலை மரபிலோ குறையும் வலியும் சிற்பத்திற்குள் நுழைந்தன. 1885இல் உரோமில் கிடைத்த, அமர்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரனின் வெண்கலச் சிலையில் மூக்கு உடைந்துள்ளது, காதுகள் வீங்கியுள்ளன, காயங்களின் குருதி செம்பினால் பதிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

முதலில் நிலை, அடுத்து அளவு, பின்னர் வலி என நடப்பியல் படிப்படியாக வளர்ந்தது. எனினும் இதனைக் குறையிலிருந்து நிறைவை நோக்கிய பயணமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கல்லறைகளிலும் கோயில்களிலும் நின்ற கூரோஸ் சிலைகள் என்றும் மாறாத இளமையைக் காட்ட வேண்டியிருந்தன. அசையாமை அதற்குரிய மொழியாயிற்று. ‘உண்மை’ என எதனைக் கருதினர் என்பதே காலந்தோறும் மாறியது. சிற்பியின் உளி அதனைப் பின்தொடர்ந்தது எனலாம்.