எடை ஒன்று, வேகம் வேறு

பேனாவில் போடும் மனித இன்சுலின் குப்பிகளை இந்தியாவில் படிப்படியாக நிறுத்த நோவோ நார்டிஸ்க் 2025இல் முடிவெடுத்ததிலிருந்து பாபநாசம், திருவையாறு பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி. ஃப்ரிட்ஜில் கடைசிக் குப்பி. கடைக்காரரோ “எல்லாம் ஒரே இன்சுலின்தான்” என்று வேறொன்றை நீட்டுகிறார். வாங்கலாமா?

தராசைக் கேட்டால் கடைக்காரர் சொல்வது சரி. மனித இன்சுலினும் அதைச் சற்றே மாற்றிச் செய்த லிஸ்ப்ரோவும் 5,808 டால்டன் எடைதான். அதே 51 அமினோ அமிலங்கள். ஒரு சங்கிலியில் 28ஆம், 29ஆம் இடங்களில் இருப்பவை மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன. ஆனால் இன்சுலின் தனியாக இருக்காது. இரண்டு இரண்டாகச் சேரும். மூன்று சோடிகள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறாகும். 1969இல் இந்த அமைப்பைக் கண்ட டோரதி ஹாட்ஜ்கின் குழுவில் நம் நாட்டு விஞ்ஞானி எம். விஜயனும் இருந்தார். தோலுக்கடியில் ஆறு பிரிந்து ஒற்றையானால்தான் ரத்தத்தில் வேகமாக ஏறும். லிஸ்ப்ரோவில் இடம் மாறியது சோடி பிடிக்கும் இடத்திலேயே. பிடி தளர்ந்தது, வேகம் கூடியது.

சோடியை எப்படிப் பார்ப்பது? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மொத்த எடையைச் சொல்லாது, ஒரு மின்னூட்டத்துக்கு எவ்வளவு என்றே சொல்லும். கொள்முதல் நிலையத்தில் ஒரு பாரத்தை ஐந்து பேர் தூக்கினாலும், இரண்டு பாரத்தைப் பத்துப் பேர் தூக்கினாலும் தலைச்சுமை ஒன்றுதானே. ஒற்றைக்கு 5 மின்னூட்டம், சோடிக்கு 10 என்றால் இரண்டுக்கும் காட்டுவது 1,163. ஆகவே 11 ஏறிய சோடியைத் தேடுகிறார்கள்: 1,057. அந்த எண்ணில் ஒற்றை வர ஐந்தரை ஆள் வேண்டும்!

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கருவிக்குள் போகுமுன் மருந்து நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டு உலர்கிறது. கோடையில் வாய்க்கால் வற்றினால் கெண்டையும் கெளுத்தியும் ஒரே குட்டையில் நெருக்குமே, அப்படி உலரும் துளியிலும் உறவில்லாதவை ஒட்டிக்கொள்ளும். நீர்த்துப் பார்த்தால் பொய்ச் சோடி குறையும். மெய்ச் சோடியும் பிரியத் தொடங்கும். எனவே மாற்று இன்சுலின் செய்யும் நிறுவனத்தின் தாளில் ‘ஒப்பானது’ என்று இருந்தால், எந்தெந்த அடர்த்தியில் பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கடையிலேயே மாற்றிக்கொள்ளலாமா? கூடாது, மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

சாப்பாட்டு நேரம்? ரெகுலர் மனித இன்சுலின் என்றால் அரை மணி முன்பு. லிஸ்ப்ரோவுக்கு இலை போட்டாகியிருக்கவேண்டும்.

பாட்டிலுக்கு மாறினால்? நம் ஊர் மனித இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாக் குப்பியில் 100. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடியைத் தொடாதீர்கள்.