பித்தளைப் பட்டறையின் வெண்புகை

நம் மன்னவனூர் ஏரியின் மேல் மூடுபனி படர்வதைப் பார்க்காதவர் யார்? கண்ணுக்குத் தெரியாத நீராவி குளிர்ந்து நுண்துளிகளாவதே மூடுபனி. உலோகமும் இவ்வாறே ஆவியாகிப் புகைத்துகளாக மாறும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பெயர் பெற்ற ஊர். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தாமிரம் உருகவே 1085 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பித்தளையை உருக்கும்போது மூசையிலிருந்து துத்தநாக ஆவி சிறிது வெளியேறுகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி எரிந்து துத்தநாக ஆக்சைடாகிறது. இந்த ஆக்சைடு ஆவியாக நிலைத்திருக்க இயலாது. அதன் மூலக்கூறுகள் ஒன்றுகூடிச் சிறு கருக்களாகின்றன. அக்கருக்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. இதுவே பட்டறையில் எழும் வெண்புகை. இதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. இப்புகை படிந்தால் நம் ஊர் ஆட்டுப்பண்ணையின் ரோமம் போல வெண்மையாயிருக்கும். அதனால் பழங்கால ரசவாதிகள் இதனை 'ஞானியின் கம்பளி' என்று அழைத்தனர்.

பார்வைக்கு அழகு, நுரையீரலுக்கோ தீங்கு! மிக நுண்ணிய துகள்களாதலால் அவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. சில மணி நேரம் கழித்து நாவில் உலோகச் சுவை, தாகம், குளிர்நடுக்கம், காய்ச்சல் ஆகியவை தோன்றும். மலேரியாவோ என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நாளில் நீங்கிவிடும். பித்தளை வார்ப்போரின் இக்காய்ச்சலைப் பற்றி 1862-லேயே இங்கிலாந்தில் கிரீன்ஹோ என்னும் மருத்துவர் எழுதியுள்ளார்.

இது பட்டறையோடு முடிந்த செய்தியன்று. ஜி.ஐ. பைப்புகளின் மேற்பூச்சும் துத்தநாகமே. அவற்றை வெல்டிங் செய்யும்போதும் இதே புகை எழுகிறது. "பால் குடித்தால் புகை முறிந்துவிடும்" என்பார் உண்டு. பால் செல்வது வயிற்றுக்கு. புகை செல்வதோ நுரையீரலுக்கு! பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி நீக்குவதும், திறந்த வெளியில் காற்று வரும் திசையில் நின்று வேலை செய்வதும், புகையை வெளியேற்றும் மின்விசிறியும், புகைத்துகளைத் தடுக்கும் முகமூடியுமே காப்பு. முகத்தில் கட்டும் துண்டு இத்துகள்களைத் தடுக்காது. மூச்சுத்திணறல் வந்தால் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தோழியரே! நம் தந்தையரும் அண்ணன்மாரும் இத்தொழிலில் இருக்கலாம். வகுப்பறையில் கற்ற இச்செய்தியை இன்றே இல்லத்தில் சொல்லுங்கள். பிறர் நலம் காக்கும் கல்வியே பயனுள்ள கல்வி.